அத்தியாயம் 6: சிபில் ஸ்கோர் குறைந்தவருக்குக் கார் லோன்

"சிபில் சரியில்லை சார்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கூச்சப்பட்டு, கார் வாங்கும் எண்ணத்தையே மூட்டைகட்டி வைத்துவிடுகிறார்கள். அல்லது "நாங்க வாங்கித் தர்றோம்" என்று முன்வரும் முதல் ஆளிடம், வட்டி என்ன என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். முதலாமவருக்குக் கார் மட்டும்தான் இல்லை. இரண்டாமவர் ஐந்து வருடச் சம்பாத்தியத்தையே அடகு வைக்கிறார்.

இரண்டும் தேவையில்லை. குறைந்த ஸ்கோரோடும் கார் கடன் கிடைக்கும். இன்ன ஸ்கோருக்குக் கீழே கடன் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி எந்த எல்லையும் விதிக்கவில்லை. அது ஒவ்வொரு வங்கியும் நிதி நிறுவனமும் தாமே எடுக்கும் முடிவு. ஆனால் ஸ்கோர் குறைந்தவருக்கு வட்டி கூடும், பேரம் பேசும் பலம் குறையும். அதனால் அவருக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு கட்டுப்பாடு: மாதத் தவணையைக் குறைக்கப் பார்க்காதீர்கள், கடன் தொகையைக் குறையுங்கள். இந்த அத்தியாயத்தில் சொல்லும் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

1. முதலில் ரிப்போர்ட்டை எடுத்துப் படியுங்கள்

சிபில் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், இந்தியாவில் கடன் வரலாற்றைப் பராமரிக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டையும் ஸ்கோரையும் உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நான்கையும் எடுங்கள். ஒன்றில் இல்லாத பிழை இன்னொன்றில் இருக்கலாம். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் தயங்காமல் பேசும். ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் ரிப்போர்ட்டை மூடிவிடாதீர்கள். விஷயம் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சிறு கட்டங்கள் இருக்கும். 36 மாதம் வரையிலான உங்கள் நடத்தை அதில் பதிவாகியிருக்கும். அந்த மாதம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் பூஜ்யம். 30 என்று இருந்தால் 30 நாள் தாமதம். 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன் வகைக்குப் போய்விடும். எந்தக் கடனில், எந்த மாதத்தில் தவறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தவறு பழையதா, போன மாதத்ததா என்பது கடன் தருபவருக்கு மிக முக்கியம். இரண்டு வருடத்துக்கு முன் நான்கு மாதம் தடுமாறி, அதன்பின் ஒழுங்காகக் கட்டிவருபவரை அவர் பார்க்கும் விதம் வேறு. இப்போதும் தடுமாறிக்கொண்டிருப்பவரைப் பார்க்கும் விதம் வேறு.

அடுத்து, கணக்கின் நிலை. 'குளோஸ்டு' என்றால் முழுதும் கட்டி முடித்தது. 'செட்டில்டு' என்றால் வங்கி ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முடித்தது. 'ரிட்டன் ஆஃப்' என்றால் வங்கி அதை வராத கணக்கில் தள்ளியது. கிரெடிட் கார்டு பாக்கியைப் பாதித் தொகைக்கு முடித்துக்கொண்டு, "அந்தக் கணக்கு தீர்ந்தது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். கடன் நிறுவனங்களின் கண்ணில் அது தீரவில்லை. இந்தப் பதிவுகளைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

ஸ்கோர் இருக்குமிடத்தில் மைனஸ் 1 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். நீங்கள் இதுவரை கடனே வாங்கியதில்லை என்பதுதான் அதற்குப் பொருள். முன்பு கடன் வாங்கியதில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருடைய விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. 2025-ல் மத்திய நிதித்துறை இதை நாடாளுமன்றத்திலும் தெளிவுபடுத்தியது.

2. சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யுங்கள்

பிழை இருந்தால்: நீங்கள் வாங்காத கடன், கட்டி முடித்தும் நிலுவையில் காட்டும் கணக்கு, ஒரே கடன் இரண்டு முறை பதிவானது, இப்படி எதுவாக இருந்தாலும் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது. 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. அப்படியும் நியாயம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

'செட்டில்டு' இருந்தால்: அந்த வங்கிக்கே போய், விட்டுக்கொடுத்த தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கட்ட முடிகிற தொகையாக இருந்தால் கட்டி, 'நோ டியூ' கடிதம் வாங்கி, ரிப்போர்ட்டில் 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்லுங்கள். காருக்கு முன்பணமாக ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதி இதற்குப் போனாலும் தவறில்லை. வட்டியில் அது திரும்பி வரும்.

கார்டு பாக்கி இருந்தால்: லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவு நிற்கும்படி கொண்டுவாருங்கள். ஒரு லட்சம் லிமிட் உள்ள கார்டில் எப்போதும் 90,000 ரூபாய் நின்றால், தவறாமல் கட்டினாலும் ஸ்கோர் ஏறாது.

வரலாறே இல்லையென்றால், அல்லது இருந்த வரலாறு கெட்டுவிட்டதென்றால்: வங்கியில் சிறிய தொகைக்கு ஃபிக்சட் டெபாசிட் போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்குங்கள். டெபாசிட்டே ஈடு என்பதால் ஸ்கோர் குறைந்தவருக்கும் தருவார்கள். மாதம் பெட்ரோலுக்கு மட்டும் பயன்படுத்தி, பில் தேதிக்குள் முழுத்தொகையையும் கட்டிவிடுங்கள்.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடன் விவரங்களை இந்த நான்கு நிறுவனங்களுக்கும் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி முதல் இருப்பதால், நீங்கள் செய்த திருத்தம் முன்னைவிட வேகமாக ரிப்போர்ட்டில் ஏறும். காரை ஆறு மாதம் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள். ஆறு மாதம் சுத்தமாகக் கட்டிய பதிவு, எந்தச் சிபாரிசையும்விட உங்களுக்காக நன்றாகப் பேசும்.

3. கடனைக் குறைப்பது என்றால் என்ன? ஒரு கணக்கு

இருவர் கார் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஸ்கோர் உள்ளவருக்கு 10 சதவீத வட்டி. ஸ்கோர் குறைந்தவருக்கு 16 சதவீதம். இரண்டுமே குறையும் நிலுவையின் மேல் கணக்கிடும் வட்டி.

நல்ல ஸ்கோர் உள்ளவர் 4 லட்சத்தை 5 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 8,499 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,09,900.

ஸ்கோர் குறைந்தவர் அதே 4 லட்சத்தை அதே 5 வருடத்துக்கு வாங்கினால் தவணை 9,727. வட்டி சுமார் 1,83,600. தவணை அதிகமாகத் தெரிகிறது என்று 7 வருடத்துக்கு நீட்டினால் தவணை 7,945-க்கு இறங்கும், வட்டி 2,67,000-ஐத் தாண்டும். மாதம் 1,782 ரூபாய் மிச்சம் என்று நினைத்து, கூடுதலாக 83,700 ரூபாய் கட்டுகிறார்.

இப்போது அவரே 3 லட்சம் மட்டும், 4 வருடத்துக்கு வாங்குகிறார். வட்டி அதே 16 சதவீதம்தான். தவணை 8,502. மொத்த வட்டி சுமார் 1,08,100. நல்ல ஸ்கோர் உள்ளவரின் தவணைக்கும் இவருடையதற்கும் மூன்று ரூபாய்தான் வித்தியாசம். வட்டியும் ஏறக்குறைய அதே தொகை. கடன் ஒரு வருடம் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. ஒரு லட்சம் கூடுதலாகக் கையிலிருந்து போட்டோ, ஒரு லட்சம் விலை குறைந்த காரைத் தேர்ந்தெடுத்தோ அவர் இதைச் சாதிக்கலாம். வட்டி விகிதம் அவர் கையில் இல்லை. கடன் தொகையும் காலமும் அவர் கையில் இருக்கின்றன.

அந்த ஒரு லட்சத்துக்கு எங்கே போவது? ஆறு மாதக் காத்திருப்பில் சேமிப்பது முதல் வழி. புதிய காருக்குப் பதில் நல்ல பழைய கார் இரண்டாவது வழி. ஆனால் பழைய காருக்கு வட்டி பொதுவாகக் கூடுதல் என்பதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். வங்கியில் டெபாசிட் இருந்தால் அதன் பேரில் கடன் வாங்குவது மூன்றாவது வழி. டெபாசிட்டுக்குத் தரும் வட்டிக்கு மேல் ஓரிரு சதவீதமே பிடிப்பார்கள். நகைக்கடன் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வரும் வழி. அதற்கு ஸ்கோர் பெரிய தடையாக இருப்பதில்லை, வட்டியும் பெரும்பாலும் குறைவு. ஆனால் கார் தவணையோடு அதையும் கட்டி மீட்க வருமானம் இடம் கொடுத்தால் மட்டும் செய்யுங்கள். நகைக்கடனில் தவறினால் நகையும் ஏலத்துக்குப் போகும், அந்தத் தவறும் ரிப்போர்ட்டில் ஏறும்.

4. யாரிடம் கேட்பது

சம்பளம் வரும் வங்கியிடம் முதலில் போங்கள். உங்கள் கணக்கில் மாதாமாதம் பணம் வருவதும் போவதும் அவர்கள் கண்முன் இருக்கிறது. ஸ்கோர் சொல்லாத நல்ல விஷயங்களை அந்தக் கணக்கு சொல்லும்.

வேலை செய்யும் இடத்தில் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருந்தால் அதைப் பாருங்கள். சம்பளத்திலேயே பிடித்தம் செய்வதால் அங்கே நம்பிக்கை வேறு மாதிரி.

அடுத்து நிதி நிறுவனங்கள். வங்கி வாசலை மிதிக்க முடியாதவருக்கு வண்டிக் கடன் தருவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-ல் சென்னையில் தொடங்கியது. 1979-ல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கி வரலாறே இல்லாத ஓட்டுநர்களுக்குப் பழைய லாரி வாங்கக் கடன் கொடுத்தே வளர்ந்தது. இத்தகைய நிறுவனங்கள் வருமானத்தையும் தொழிலையும் வண்டியின் மதிப்பையும் சேர்த்துப் பார்ப்பதால், ஸ்கோர் குறைந்தவரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் வாய்ப்பு அதிகம். வட்டி கூடலாம். ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனமா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரே வாரத்தில் ஏழெட்டு இடத்தில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் ஒரு விசாரணையாகப் பதியும். வரிசையாக விசாரணைகள் இருந்தால், பணத்துக்கு அலைபவர் என்ற எண்ணம் வரும், ஸ்கோரும் இறங்கும். முதலில் வாய்மொழியாக விசாரியுங்கள். கிடைக்கும் என்று தோன்றும் இரண்டு இடங்களில் மட்டும் பான் எண்ணைக் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த இடத்துக்குப் போகும் முன் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அது காட்டும்.

மனைவியோ மகனோ நல்ல ஸ்கோர் வைத்திருந்தால் அவரையும் சேர்த்து விண்ணப்பிக்கலாம். ஆனால் அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்: ஒரு தவணை தவறினாலும் அவர் ரிப்போர்ட்டிலும் அதே கறை விழும். ஜாமீன் போடுபவருக்கும் அப்படித்தான். நண்பரை ஜாமீனுக்கு அழைக்கும் முன் இதை அவருக்கு விளக்குவது உங்கள் கடமை.

5. கையெழுத்துக்கு முன்

ஷோரூமில் உட்கார்ந்ததும் வரும் கேள்வி, "சார், மாசம் எவ்வளவு டியூ கட்ட முடியும்?" இதற்குப் பதில் சொல்லிவிட்டால், அந்தத் தவணைக்குள் அடங்கும்படி காலத்தை நீட்டி, காரைப் பெரிதாக்கி, காப்பீட்டைச் சேர்த்துக் கணக்குப் போட்டு வைத்துவிடுவார்கள். "அதை அப்புறம் பேசலாம். ஆன்-ரோடு எவ்வளவுன்னு முதல்ல எழுதிக் கொடுங்க" என்று சொல்லுங்கள். காரின் விலை முடிவான பிறகே கடன் பேச்சு. கடன் தொகை, வட்டி, காலம் மூன்றும் முடிவான பிறகே தவணை.

வட்டி எவ்வளவு என்று கேட்டால் "பத்து பர்சென்ட்" என்பார்கள். ஃபிளாட்டா (கடைசிவரை முழு அசலின் மேல்), குறையும் நிலுவையிலா என்று கேளுங்கள். 3 லட்சத்துக்கு 4 வருடம், ஃபிளாட் 10 சதவீதம் என்றால் வட்டி 1,20,000, தவணை 8,750. மேலே பார்த்த 16 சதவீதக் கடனின் தவணையைவிட இது அதிகம். உண்மையில் அது 17.6 சதவீத வட்டி.

வாய்க்கணக்கை நம்ப வேண்டியதில்லை. 2024 அக்டோபர் முதல் வங்கிகளும் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களும் தனிநபர் கடனுக்கு 'கே.எஃப்.எஸ்.' எனும் முக்கிய விவரத் தாளைக் கட்டாயம் தர வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் விதி. தமிழில் கேளுங்கள். அதில் 'ஏ.பி.ஆர்.' என்று ஒரு சதவீதம் இருக்கும். வட்டி, பிராசசிங் கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்பதே அது. இரண்டு இடங்களை ஒப்பிட இந்த ஒரு எண் போதும். கையெழுத்துப் போட உங்களுக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. "இன்னைக்கே சைன் பண்ணினாதான் இந்த ரேட்" என்பதற்கு நீங்கள் பணிய வேண்டியதில்லை. தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்கவும் முடியாது.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை அவசியம் படியுங்கள். ஒன்று, முன்கூட்டியே கட்டி முடித்தால் என்ன கட்டணம். நிலையான வட்டிக் கடனில் இது கணிசமாக இருக்கலாம். இரண்டு, தாமதக் கட்டணம். 2024 ஏப்ரலுக்குப் பிறகு அதை அபராத வட்டியாகப் போட்டு அசலோடு சேர்க்க முடியாது, தனிக் கட்டணமாக மட்டுமே வாங்கலாம். மூன்று, வண்டியைப் பறிமுதல் செய்யும் விதி. எத்தனை நாள் நோட்டீஸ், விற்கும் முன் பணம் கட்ட எத்தனை வாய்ப்பு என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்க வேண்டும்.

6. போகக் கூடாத வழிகள்

"சிபிலை ஏத்தித் தர்றோம், 5,000 கொடுங்க" என்பவரை நம்பாதீர்கள். உண்மையான தாமதத்தைப் பணம் கொடுத்து அழிக்க யாராலும் முடியாது. பிழையைத் திருத்த நீங்களே இலவசமாக விண்ணப்பிக்கலாம்.

அடுத்தவர் பெயரில் ஓடும் டியூ வண்டியை, மீதித் தவணையைக் கட்டுகிறேன் என்று இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வாங்காதீர்கள். ஆர்.சி.யில் பெயர் அவருடையது, கடனும் அவருடையது. நீங்கள் கட்டும் ஒவ்வொரு தவணையும் அவருக்கே வரவு. அவர் மனம் மாறினாலோ இறந்துபோனாலோ உங்கள் கையில் ஒன்றும் நிற்காது. பழைய கார் எதை வாங்கினாலும் எம்-பரிவாகனில் எண்ணைப் போட்டு, ஹெச்.பி. (வண்டியின் மேல் உள்ள கடன் பதிவு) இருக்கிறதா, அபராதம் பாக்கியா என்று பாருங்கள்.

பதிவு பெறாத பைனான்ஸ்காரரிடம் எழுதாத காசோலையும், பூர்த்தி செய்யாத 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்தும் கொடுக்காதீர்கள். அந்தப் படிவங்கள் வண்டியின் உரிமையையே மாற்றிக் கொடுப்பவை. இன்னொன்றும் யோசியுங்கள்: அவர் உங்கள் கடனை எந்த கிரெடிட் நிறுவனத்துக்கும் தெரிவிப்பதில்லை. நான்கு வருடம் நாணயமாகக் கட்டினாலும் உங்கள் ஸ்கோர் ஒரு புள்ளிகூட ஏறாது. அளவுக்கு மீறி வட்டி வாங்கி மிரட்டினால், 2003-ம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ் காவல்துறையில் புகார் கொடுக்கலாம்.

7. கடன் வந்த பிறகு

சம்பளம் வரும் தேதிக்கு மூன்று, நான்கு நாள் தள்ளி தவணைத் தேதியைக் கேட்டு வாங்குங்கள். மூன்று தவணைக்கான பணத்தைத் தனிக் கணக்கில் எப்போதும் வைத்திருங்கள். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால், வங்கியின் அபராதம் ஒருபுறம், கடன் நிறுவனத்தின் கட்டணம் மறுபுறம்.

கட்ட முடியாத மாதம் வரும் என்று தெரிந்தால் தவணைத் தேதிக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். போனை எடுக்காமல் இருப்பதுதான் மிக மோசமான முடிவு. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. ஆள்பலம் காட்டி வண்டியைப் பிடுங்கக் கூடாது என்று 2007-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி - பிரகாஷ் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. ஆனால் சட்டம் காக்கும் என்று தவணையை விட்டுவிடவும் கூடாது. சீஸ் ஆன வண்டி ஏலத்தில் குறைந்த விலைக்கே போகும், பற்றாக்குறை உங்கள் தலையில்தான் விழும். இனிமேல் சமாளிக்க முடியாது என்று உறுதியானால், நிறுவனத்தின் சம்மதத்தோடு நீங்களே விற்றுக் கடனை அடைப்பது எவ்வளவோ மேல்.

ஒழுங்காகக் கட்டிவந்தால் இந்தக் கார் கடனே உங்கள் வரலாற்றைச் சீராக்கும் மருந்தாகிறது. ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து ரிப்போர்ட்டை மறுபடி எடுங்கள். ஸ்கோர் ஏறியிருந்தால், மீதிக் கடனைக் குறைந்த வட்டிக்கு வேறு வங்கிக்கு மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள். முன்கூட்டி முடிக்கும் கட்டணத்தைக் கழித்த பிறகும் லாபம் நின்றால் மாற்றுங்கள்.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. வரிசையாக இவற்றைச் செய்யுங்கள்:

• நிறுவனத்திடமிருந்து என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று, கையெழுத்திட்ட 35-ம் எண் படிவம், கொடுத்து வைத்த காசோலைகள், இரண்டாவது சாவி எல்லாவற்றையும் திரும்ப வாங்குங்கள்.
• ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஹெச்.பி. கேன்சல் செய்து, புதிய ஆர்.சி. பெறுங்கள். என்.ஓ.சி. பழசாகும்வரை வைத்திருக்காதீர்கள்.
• காப்பீட்டுப் பாலிசியிலும் நிதி நிறுவனத்தின் பெயரை நீக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இழப்பீடு வாங்கும்போது சிக்கல் வரும்.
• ஒரு மாதம் கழித்து நான்கு ரிப்போர்ட்டிலும் அந்தக் கணக்கு 'குளோஸ்டு' என்றும் நிலுவை பூஜ்யம் என்றும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அன்றே புகார் பதிவு செய்யுங்கள்.

அடுத்த முறை வீட்டுக் கடனுக்கோ பிள்ளையின் படிப்புக் கடனுக்கோ நீங்கள் போய் உட்காரும்போது, எதிரில் இருப்பவர் முதலில் பார்க்கப்போவது இந்தக் கார் கடனின் கட்டங்களைத்தான். சிறிய கடனாக, குறுகிய காலத்துக்கு வாங்கி, சொன்ன தேதியில் கட்டி முடித்தவருக்கு அப்போது வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை இருக்கும். தயங்காமல் கேளுங்கள்.